பனிமலைப் பயணமும் பனிச்சரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பராமரிக்கப்படும் பாதைகளை விட்டு விலகி, பனி மூடிய மலைகளில் நடக்கவோ சறுக்கவோ புறப்படுபவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப்போவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழில் 'பனி' என்பது புல்நுனி ஈரத்தையும், விடியற்காலை மூட்டத்தையும், வானிலிருந்து விழும் வெண்துகளையும் ஒருசேரக் குறிக்கும். இங்கே கடைசிப் பொருள் மட்டுமே. 'சரிவு' என்பதும் அப்படித்தான்: மலையின் சாய்ந்த பக்கத்தையும் குறிக்கும், சரிந்து விழுவதையும் குறிக்கும். குழப்பம் வராதிருக்க, மலைப்பக்கத்தைச் 'சாய்வு' என்றும், விழுவதைப் 'பனிச்சரிவு' என்றும் எழுதுகிறேன்.

பனிச்சரிவு என்றால் மேலே குவிந்த பனி உருண்டு விழுவதுதானே?

ஒரு வகை அப்படிப்பட்டதுதான். ஒட்டுதல் இல்லாத தளர்ந்த பனி ஒரு புள்ளியில் நழுவத் தொடங்கி, கீழே இறங்க இறங்க விசிறிபோல் அகலும். இது பெரும்பாலும் சிறியது. பாறை விளிம்பிலிருந்தோ குறுகிய ஓடையிலிருந்தோ ஆளைத் தள்ளிவிடக்கூடியது என்பதால் புறக்கணிக்கவும் கூடாது.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் இன்னொரு வகை. ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய பனி ஒரு பலகைபோல மேலே கிடக்கிறது. அதன் அடியில் பிடிப்பில்லாத மெல்லிய நலிந்த அடுக்கு ஒன்று இருக்கிறது. பலகையின் மேல் ஒருவர் கால் வைக்கும்போது அந்த நலிந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், நொறுங்கல் நொடிப்பொழுதில் சாய்வு முழுவதும் பரவுகிறது. பலகை மொத்தமாக வெட்டுண்டு நகர்கிறது. நிற்பவர் பலகையின் நடுவில் இருப்பார், விரிசல் அவருக்கு மேல்ப்பக்கச் சாய்வில் தோன்றும். உலர்ந்த பலகைப் பனிச்சரிவு மணிக்கு 100 கி.மீ. வேகத்தைச் சில நொடிகளில் எட்டிவிடும் என்பதால், ஓடித் தப்புவது என்ற எண்ணத்திற்கு அங்கே இடமே இல்லை.

சத்தம் போட்டால் பனிச்சரிவு வந்துவிடும் என்கிறார்களே?

வராது. மனிதக் குரல் காற்றில் உண்டாக்கும் அழுத்தம், பனி அடுக்கை உடைக்கத் தேவையான விசையோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. வெடிவைத்துப் பனிச்சரிவைத் தூண்டுகிறார்களே என்றால், அங்கே வேலை செய்வது ஓசை அல்ல, வெடிப்பின் அழுத்த அலை.

இந்த நம்பிக்கையில் உள்ள கேடு என்னவென்றால், அது பழியை வெளியே எங்கோ தள்ளிவிடுகிறது. உண்மையில் பனிச்சரிவில் சிக்கும் பயணிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அதைத் தூண்டிவிட்டது அவர்களுடைய எடையோ அவர்கள் குழுவில் ஒருவருடைய எடையோதான். ஆகவே அமைதியாக நடப்பதைவிட, எங்கே நடக்கிறோம் என்பதே கேள்வி.

எவ்வளவு செங்குத்தாக இருந்தால் ஆபத்து?

பலகைப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் தொடங்குகின்றன. 38 பாகையை ஒட்டிய சாய்வுகள் மிகவும் மோசமானவை. 25 பாகைக்குக் கீழே தொடங்குவது அரிது. அதற்கு மாறாக, 55 பாகைக்கு மேல் பனி தங்குவதே கடினம்; பெய்யப் பெய்யச் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுவதால் பெரிய பலகை உருவாக வாய்ப்புக் குறைவு. அதாவது, பார்த்தவுடன் பயமுறுத்தும் செங்குத்தைவிட, சறுக்குவதற்கு இன்பமாகத் தோன்றும் நடுத்தரச் சாய்வே நமக்குப் பகை.

கண்ணால் மதிப்பிடாதீர்கள். சாய்வுமானி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கைபேசிச் செயலிகளும் போதுமானவை. சம உயரக்கோட்டு வரைபடத்தில் வீட்டிலேயே அளந்துகொள்வது இன்னும் நல்லது. ஆனால் வரைபடம் பெரிய பரப்பின் சராசரியைத்தான் காட்டும்; அது 27 பாகை என்று சொல்லும் இடத்தில் 35 பாகையுள்ள சிறு மேடு ஒளிந்திருக்கலாம்.

நான் போகும் பாதை சமதளம்தான். எனக்குக் கவலை இல்லையே?

உங்கள் காலடியில் உள்ள சாய்வு மட்டும் கணக்கல்ல, தலைக்கு மேலே உள்ளதும் கணக்கு. மேலே 35 பாகைச் சாய்வில் தொடங்கும் பனிச்சரிவு, பள்ளத்தாக்கின் சமதளத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறிய நிகழ்வுகளும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. நலிந்த அடுக்கின் நொறுங்கல் சமதளத்திலிருந்தும் பரவ வல்லது. நீங்கள் அடிவாரத்தில் நடக்கும்போது உடையும் அடுக்கு, பக்கத்துச் சாய்வின் மேற்பகுதியை விடுவித்து உங்கள் மேலேயே இறக்கிவிடும். அதனால் பாதையைத் திட்டமிடும்போது 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளையும், அவற்றின் பனி வந்து சேரக்கூடிய அடிப்பரப்பையும் சேர்த்தே விலக்க வேண்டும்.

நேற்று நிறையப் பனி பெய்தது, இன்று வானம் தெளிந்துவிட்டது. போகலாம்தானே?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன்; மிக அதிகமாக வெறுப்பைச் சம்பாதித்ததும் இதற்கான பதிலால்தான். பெரும்பொழிவுக்குப் பிந்தைய முதல் தெளிந்த நாள், பருவத்தின் மிக ஆபத்தான நாள்களில் ஒன்று. ஒரே நாளில் 30 செ.மீ. அளவில் புதுப்பனி சேர்ந்தாலே பழைய அடுக்குகளின் மேல் சுமை திடீரெனக் கூடிவிடுகிறது. பனி இந்தச் சுமைக்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும்: புதுப்பனிக்குள்ளேயே உள்ள நலிவுகள் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் அடங்கும், பழைய நலிந்த அடுக்கு அடியில் இருந்தால் வாரக்கணக்கில் ஆகலாம்.

மெதுவாகப் பெய்வதைவிட வேகமாகப் பெய்வது மோசம். மணிக்கு 2 செ.மீ.க்கு மேல் பல மணி நேரம் பெய்தால் அதைத் தனி எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். குளிரில் தொடங்கி வெதுவெதுப்பில் முடிந்த பொழிவும் மோசம். இலேசான பனிக்கு மேல் கனத்த பனி உட்கார்ந்திருக்கும்.

பனி பெய்யவே இல்லை, வெறும் காற்றுதான் அடித்தது. அதனால் என்ன?

காற்று பனியைப் பெய்விப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அதுவும் வானிலிருந்து பெய்வதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் ஓரிடத்தில் கொட்ட அதனால் முடியும். காற்றடிக்கும் பக்கத்திலிருந்து அள்ளி, முகட்டைத் தாண்டி, காற்று மறைந்த பக்கத்தில் குவிக்கிறது. வழியில் படிகங்கள் உடைந்து பொடியாவதால், குவியும் பனி நெருக்கமாகப் பிணைந்து, முதல் கேள்வியில் சொன்ன பலகையாக உருவெடுக்கிறது. நீல வானத்தின் கீழே, ஒரு துகளும் பெய்யாமல், சில மணி நேரத்தில் ஒரு சாய்வு கொலைக்களமாகிவிடும்.

அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும்: முகட்டிலிருந்து கொடிபோலப் பறக்கும் பனித்தூள், மெத்தைபோல் உப்பிய வழுவழுப்பான மேடுகள், மிதித்தால் பறைபோல் ஒலிக்கும் மேற்பரப்பு, முகட்டின் விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனிக்கூரை. அந்தக் கூரையின் மேல் நடப்பவர் கீழே பாறை இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அது உடையும்போது நினைத்ததைவிட நன்றாக உள்ளே தள்ளி, முகட்டின் திண்ணிய நிலம் என்று நம்பிய இடத்திலிருந்தே உடைவது வழக்கம்.

குளிர் கடுமையாக இருந்தால் பனி இறுகிப் பாதுகாப்பாகத்தானே இருக்கும்?

இயல்பாகவே இப்படித்தான் தோன்றும். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. பனிப்போர்வையின் அடியில் உள்ள தரை ஏறத்தாழ 0 பாகை செல்சியஸிலேயே இருக்கிறது. மேற்பரப்போ இரவுக் குளிரில் வெகுவாகத் தாழ்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலை மாற்றம், 10 செ.மீ. ஆழத்திற்கு 1 பாகைக்கு மேல் போனால், வெதுவெதுப்பான கீழ்ப்பகுதியிலிருந்து நீராவி மேலேறி, வழியிலுள்ள படிகங்களின் மேல் உறைந்து, அவற்றை முனைகள் கூர்ந்த பெரிய மணிகளாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் உதிரும். மலையேறிகள் சர்க்கரைப் பனி என்றே சொல்வார்கள். இதுதான் நலிந்த அடுக்குகளில் மிகப் பிடிவாதமானது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பு மைனஸ் 16 பாகை என்று கொள்வோம். பனி 2 மீட்டர் ஆழமென்றால் 10 செ.மீ.க்கு 0.8 பாகைதான் மாறுகிறது. படிகங்கள் உருண்டு, ஒன்றோடொன்று பிணைந்து வலுப்பெறும். பனி 40 செ.மீ. மட்டுமென்றால் அதே குளிரில் 10 செ.மீ.க்கு 4 பாகை மாறுகிறது. அடுக்கு முழுவதும் சர்க்கரையாகிவிடும். இதனால்தான், பனி குறைவாகப் பெய்து குளிர் நீண்ட பருவத்தின் தொடக்கம், பின்னால் பெய்யப்போகும் எல்லாப் பனிக்கும் ஆட்டங்காணும் அடித்தளத்தைப் போட்டு வைக்கிறது. "இந்த வருடம் பனியே இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை" என்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் மேற்பரப்பிலேயே இறகு வடிவில் பூக்கும் படிகங்களும் இப்படித்தான். காலை வெயிலில் அவை மின்னுவது அழகுதான். அந்த அழகு அடுத்த பொழிவில் புதைந்து, பல வாரங்கள் உயிரோடிருக்கும் நலிந்த அடுக்காகிவிடும்.

பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையில் 5-க்கு 3 என்று போட்டிருக்கிறது. நடுத்தரம்தானே?

இல்லை. ஐரோப்பாவில் 1993 முதல் வழக்கத்தில் உள்ள, வட அமெரிக்காவிலும் இதேபோல் பின்பற்றப்படும் ஐந்துபடி அளவுகோலில், ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சமமாகக் கூடுவதில்லை, பல மடங்காகக் கூடுகிறது. மூன்றாம் படி என்றால், பல சாய்வுகளில் ஒரே ஒரு ஆளின் எடைக்கே பனி பெயரக்கூடும் என்று பொருள். பயணிகளின் உயிரிழப்புகள் மிக அதிகமாக நேர்வது இந்தப் படியில்தான். நான்கிலும் ஐந்திலும் ஆள்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்றில் "கொஞ்சம் கவனமாகப் போனால் போதும்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

எண்ணைவிட முக்கியமானது அறிக்கையின் உள்ளடக்கம். எந்த உயரத்திற்கு மேலே, எந்தத் திசை நோக்கிய சாய்வுகளில், எந்த வகைச் சிக்கல் என்பதைப் படியுங்கள். காற்று சேர்த்த பலகை என்றால் கண்ணால் கண்டு விலகலாம். புதைந்த நலிந்த அடுக்கு என்றால் மேற்பரப்பில் அடையாளமே இராது, சாய்வின் கோணத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

அறிக்கையே வெளியாகாத மலைப்பகுதிக்குப் போகிறோம். என்ன செய்வது?

பனியே சில செய்திகளை வெளிப்படையாகச் சொல்லும். பக்கத்துச் சாய்வில் அண்மையில் விழுந்த பனிச்சரிவின் தடம் எல்லாவற்றிலும் நம்பகமானது. அதே திசையும் அதே உயரமும் கொண்ட உங்கள் சாய்வும் அப்படியே என்று கொள்ளுங்கள். காலடியில் 'வூம்ப்' என்று அமுங்கிய ஒலி கேட்டால், நலிந்த அடுக்கு உங்களுக்குக் கீழே அப்போதுதான் நொறுங்கியிருக்கிறது. அந்த இடம் சமதளமாக இருந்ததால் மட்டுமே பனி நகரவில்லை. முதன்முறை அதைக் கேட்டபோது அருகில் யாரோ கனமான மூட்டையை இறக்கினார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். காலிலிருந்து விரிசல் கோடு சீறிக்கொண்டு ஓடுவதும் இதே செய்திதான். இவற்றோடு, மேலே சொன்ன புதுப்பனி, காற்று, திடீர் வெதுவெதுப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் எதுவும் தென்படாததை "பாதுகாப்பு" என்று வாசிக்கக் கூடாது. தகவல் குறையும் அளவுக்குச் சாய்வின் கோணத்தையும் குறைத்துக்கொள்வதே என் வழக்கம்.

பனியைத் தோண்டிச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

ஓரளவு. பரவலாகச் செய்யப்படும் சோதனை ஒன்றில், சாய்வுக்குக் குறுக்கே 90 செ.மீ., சாய்வின் மேல்நோக்கி 30 செ.மீ. அளவுள்ள பனித்தூண் ஒன்றைச் சுற்றிலும் வெட்டித் தனியாக்கி, அதன் ஒரு முனையில் மண்வாரியை வைத்துத் தட்டுவார்கள்: மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் தட்டிய இடத்திலேயே நின்றதா, தூணின் மறுமுனை வரை ஓடியதா என்பதே பார்க்க வேண்டியது. ஓடினால், பலகை பெயரத் தயாராக இருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனையின் விடை ஒருபக்கச் செல்லுபடி உடையது. மோசமான விடை கிடைத்தால் உடனே நம்புங்கள். நல்ல விடை கிடைத்தால், நீங்கள் தோண்டிய அந்த ஒரு குழியில் மட்டும் பனி நன்றாக இருந்தது என்றே பொருள். பத்தடி தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம். "போகலாமா" என்பதை முடிவு செய்யக் குழி தோண்டுபவர்களைவிட, "போக வேண்டாம்" என்பதற்குக் காரணம் தேடித் தோண்டுபவர்களுக்கே அது பயன்படுகிறது.

ஏற்கெனவே ஐந்தாறு பேர் சறுக்கிய தடம் இருக்கிறதே?

ஒருவருடைய எடை பனிக்குள் ஒரு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் எட்டுவதில்லை. நலிந்த அடுக்கு ஆழத்தில் இருக்கும் இடங்களில் ஐந்து பேரும் அதைத் தொடாமலே கடந்திருப்பார்கள். பாறை துருத்தும் இடத்திலோ மேட்டின் முதுகிலோ பனி மெலிந்திருக்கும். ஆறாவது ஆள் அங்கே கால் வைத்தால், சாய்வு முழுவதும் பெயர்ந்துவிடும். தடங்கள் சொல்வது, முன்னால் போனவர்கள் அந்த நேரத்தில் தப்பினார்கள் என்பதை மட்டுமே.

மரங்களுக்கு இடையே போனால் பாதுகாப்புதானே?

நெருங்கிய காடு பனியைப் பிடித்து நிறுத்தும். நீங்கள் வசதியாக வளைந்து சறுக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால், பனிச்சரிவும் வசதியாக வரும். அப்போது மரங்கள் மோதி எலும்பு முறியவே பயன்படும். ஒரு பக்கக் கிளைகள் முறிந்து நிற்கும் மரங்களைக் கண்டால், அது பனிச்சரிவு வந்துபோகும் வழி.

குளிர்காலம் முடிந்து பனி உருகும் பருவத்தில் ஆபத்து குறைந்துவிடுமா?

வகை மாறுகிறது. உருகிய நீர் பனிக்குள் இறங்கிப் பிணைப்புகளை அறுக்கிறது. ஈரப் பனிச்சரிவு மெதுவாக நகர்ந்தாலும், எடையால் சிமெண்டுக் குழம்புபோல் எதையும் தள்ளிச் செல்லும். இங்கே நன்மை ஒன்றுண்டு: கடிகாரத்தை வைத்துக் கணிக்கலாம். இரவில் உறைந்த மேற்பரப்பு காலையில் உறுதியாக இருக்கும். வெயில் ஏற ஏற இளகும். கிழக்கு நோக்கிய சாய்வுகள் முதலில் இளகும், மேற்கு நோக்கியவை கடைசியில். பூட்ஸ் கணுக்கால் வரை புதையத் தொடங்கினால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

இரவு வானம் தெளிவாக இருந்ததா என்று விசாரியுங்கள். தெளிந்த இரவில், காற்றின் வெப்பநிலை 0-க்குச் சற்று மேலே இருந்தாலும் பனி தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்து உறையும். மேகம் மூடிய இரவில் உறையாது. அன்று அதிகாலையில் கிளம்பியும் பயனில்லை.

டிரான்ஸீவர், துழாவுகோல், மண்வாரி மூன்றும் கட்டாயமா? ஒன்றாவது குறைக்க முடியாதா?

முடியாது, ஏனெனில் மூன்றும் ஒரே வேலையின் மூன்று கட்டங்கள். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சைகையை அனுப்பவும் பெறவும் வல்ல சிறு வானொலிக் கருவியான டிரான்ஸீவர் புதைந்தவரின் அருகே கொண்டு சேர்க்கும், 240 செ.மீ.க்குக் குறையாத மடக்குத் துழாவுகோல் அவர் சரியாக எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று காட்டும். உலோக மண்வாரி அவரை வெளியே எடுக்கும். நின்றுபோன பனிச்சரிவு கல்போல் இறுகிவிடுவதால், வெறுங்கையாலோ சறுக்குப் பலகையாலோ தோண்ட இயலாது. ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேற்பட்ட பனியை அள்ள வேண்டியிருக்கும்.

டிரான்ஸீவரை உடலோடு, மேலாடைக்கு உள்ளே அணியுங்கள். கைபேசியும் பிற மின்னணுக் கருவிகளும் அதிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளியிருக்கட்டும், தேடும்போது 50 செ.மீ. கைப்பிடியை இழுத்தால் காற்று நிரம்பி விரியும் ஏர்பேக் முதுகுப்பை பற்றியும் கேட்கிறார்கள்: சலிக்கும்போது பெரிய துண்டுகள் மேலே வருவதுபோல, விரிந்த பை ஆளை மேற்பரப்பை ஒட்டி வைக்கிறது, பயனுள்ளதே. ஆனால் பாறையில் மோதுவதிலிருந்தோ பள்ளத்தில் புதைவதிலிருந்தோ அது காக்காது. அதன் கைப்பிடியை இழுக்க நினைவும் கையும் ஒத்துழைக்க வேண்டும்.

யாராவது புதைந்துவிட்டால் முதலில் உதவிக்குழுவை அழைக்க வேண்டுமா?

ஆள்கள் இருந்தால் ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் அந்த நொடியே தேடட்டும். ஆள் இல்லையென்றால் தேடல்தான் முதலில். முழுதாகப் புதைந்தவர்களில் பத்து நிமிடத்திற்குள் எடுக்கப்படுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் அது மூன்றில் ஒன்றுக்கு அருகே சரிந்துவிடுகிறது. தொலைவிலிருந்து வரும் உதவி அதற்குள் வந்து சேராது. புதைந்தவரைக் காப்பாற்றக்கூடியவர்கள் கூட வந்தவர்கள்தான்.

முதலில் மேலே இன்னொரு பனிச்சரிவு வருமா என்று பாருங்கள். அவரைக் கடைசியாகக் கண்ட இடத்திற்குக் கீழே, எல்லா டிரான்ஸீவரையும் தேடும் நிலைக்கு மாற்றிவிட்டு இறங்குங்கள்; ஒருவர் மாற்ற மறந்தாலும் எல்லோரும் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். கோல் தட்டுப்பட்டதும் அதை எடுக்காமல் அங்கேயே விட்டு, அதன் கீழ்ப்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் தோண்டுங்கள். நேர்மேலிருந்து தோண்டினால் அவருடைய மூச்சுவெளியை மிதித்து அமுக்கிவிடுவீர்கள். முகத்தையும் மார்பையும் முதலில் விடுவியுங்கள். நேரம் கடந்து கிடைத்தவராக இருந்தாலும் கைவிடாதீர்கள். மூச்சுப்பாதை திறந்திருந்து உடல் மிகவும் குளிர்ந்தவர்கள் மருத்துவமனையில் மீண்டதுண்டு.

சந்தேகமான சாய்வைக் கடந்தே தீர வேண்டிய நிலை வந்தால்?

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். இயன்றவரை சாய்வின் மேல்விளிம்பை ஒட்டிக் கடப்பது நல்லது. உங்களுக்கு மேலே பனி குறைவாக இருக்கும். கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: விசிறிபோல் அகலும் திறந்தவெளியில் புதையாமலும் போகலாம், குறுகிய ஓடை, பாறைவிளிம்பு, ஏரி ஆகியவை இருந்தால் சிறிய பனிச்சரிவும் உயிரை எடுக்கும்.

இந்தக் கேள்வியில் "தீர வேண்டிய" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அந்த நிலை பெரும்பாலும் காலையில் தேர்ந்தெடுத்த பாதையின் விளைவு. திரும்பும் வழியும் பிற்பகல் வெயிலும் கணக்கில் வந்திருந்தால் அது வந்திருக்காது.

பயிற்சி பெற்றவர்களும் அனுபவசாலிகளும்கூடச் சிக்குகிறார்களே, ஏன்?

பனி பெரும்பாலான நாள்களில் தவறான முடிவையும் மன்னித்துவிடுகிறது. ஒருவர் இருபது முறை ஆபத்தான சாய்வைக் கடந்து ஒன்றும் நேராமல் திரும்பினால், தன் கணிப்பு சரி என்று நம்பத் தொடங்குவார். வாய்ப்பு மட்டுமே காத்தது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பழக்கமான இடத்தில் கவனம் தளர்கிறது. குழுவில் மூத்தவர் இருந்தால் மற்றவர்கள் கண்ணில் பட்டதையும் சொல்வதில்லை. நெடுந்தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் திரும்ப விடுவதில்லை. மேலே, தடங்களைப் பற்றிக் கேட்டவரின் மனத்தில் ஓடியதும் இதன் இன்னொரு வடிவமே.

இதற்கு நான் கண்ட நடைமுறை வழி, முடிவுகளை மலையில் எடுக்காமல் முந்தைய இரவே எடுத்துவிடுவது. எந்தச் சாய்வுகள் இன்று கணக்கிலேயே இல்லை, எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம், எந்த அடையாளம் கண்டால் பேச்சில்லாமல் இறங்குவோம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மலையில் அந்தப் பட்டியலைக் கடுமையாக்க யாருக்கும் உரிமை உண்டு. தளர்த்த யாருக்கும் உரிமை இல்லை. குழுவில் புதியவர் ஒருவர் "வேண்டாம்" என்றால், காரணம் கேட்காமல் அதை ஏற்பது எங்கள் வழக்கம்; காரணம் கேட்பதெல்லாம் கீழே இறங்கிய பிறகுதான்.